விமானக் கருவிகளும் கள்ளப் பாகங்களும்: கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, இணையத்தில் பழைய உயரமானி ஒன்று மலிவாக வாங்கினேன். நுவரெலியாவில் வைத்துப் பார்த்தால் 6,100 அடி சரியாகக் காட்டுது. சின்ன விமானத்தில் பூட்டலாமா?

பதில்: பூட்டாதீங்க தம்பி. குமிழைத் திருகினால் எந்த உயரமானியும் நீங்க கேட்ட உயரத்தைக் காட்டும். அதில் காற்றழுத்த அளவை ஒரு ஹெக்டோபாஸ்கல் நகர்த்தினாலே முள் சுமார் 30 அடி நகரும். உண்மையான சோதனை பட்டறையின் சோதனை பெஞ்சில்தான். குமிழை 1013.25 ஹெக்டோபாஸ்கலில் வைத்து, கருவிக்குள் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கணும். அமெரிக்க விதிப்படி முள் கடல்மட்டத்தில் 20 அடி, 6,000 அடியில் 40, 10,000 அடியில் 80 அடிக்கு மேல் விலகக்கூடாது. பிறகு 18,000 அடிக்குரிய அழுத்தத்தில் அடைத்து வைங்க. ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் நகர்ந்தால் கூடு ஒழுகுது. வெளியே பெயின்ட் அடித்து, உள்ளே கண்ணாடியின் ரப்பர் வளையத்தை மாற்றாமல் விட்டவை இங்கேதான் மாட்டும். கண்ணாடியைத் தட்டினால் முள் துள்ளுதா? அச்சில் அழுக்கோ தவறான எண்ணெயோ இருக்கும்.

அடுத்து பேப்பர். பாகத்தோடு வரும் சான்றுப் படிவத்தின் 8ஆம் கட்டத்தில் பாக இலக்கம், 10இல் தொடர் இலக்கம். கருவியின் தகட்டோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்க. தகட்டின் ரிவெட் புதுசாக மின்னினால் சந்தேகப்படுங்க.

பண்டாரவளை: 'ஓவர்ஹோல்' என்று விற்றார்கள், 11ஆம் கட்டத்தில் 'இன்ஸ்பெக்டட்' என்று இருக்கே?

பதில்: அப்போ ஓவர்ஹோல் இல்லை, அதாவது முழுசாகக் கழற்றிப் பழுதுபார்க்கவில்லை. பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மஸ்கெலியா: 1974இல் சப்தகன்னி மலையில் மோதி 191 பேர் இறந்ததும் போலி உயரமானியால்தானே?

பதில்: இல்லை. அந்த டிசி-8 விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். வழிகாட்டும் டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதால் வந்த பிழை என்றுதான் விசாரணை சொன்னது.

மஸ்கெலியா: அப்போ கள்ளப் பாகத்தால் யாருமே சாகவில்லை, எல்லாம் பேப்பர் பயம்!

பதில்: ஒரு பக்கம் விட்டால் மறு பக்கம் பாயுறீங்க. 1989 செப்டம்பர் 8, பார்ட்னெயார் நிறுவனத்தின் கொன்வெயர் 580 விமானம் டென்மார்க் கரையோரக் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். செங்குத்து வால் இறக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் போலி. 2023இலும் பொய்ச் சான்றிதழோடு சிஎஃப்எம்56 எஞ்சின் பாகங்கள் விற்கப்பட்டது வெளியானது.

தலவாக்கலை: படிவத்தின் போட்டோகொப்பி போதுமா?

பதில்: இந்தக் கேள்வி இன்றைக்கு நான்காவது முறை. போதாது. படிவத்தில் கையொப்பமிட்ட நிறுவனத்துக்கு நேரே எழுதி, அந்தப் படிவ இலக்கம் அவர்கள் கொடுத்ததுதானா என்று கேளுங்க. விற்றவரிடம் கேட்காதீங்க.

பதுளை: பழைய முகப்பில் முள்ளும் எண்களும் பச்சையாக ஒளிருது. திறந்து துடைக்கலாமா?

பதில்: கதிரியக்கமுள்ள ரேடியம் பூச்சாக இருக்கலாம். திறக்காதீங்க, சுரண்டாதீங்க, தூளை ஊதவே ஊதாதீங்க.