வேதவாசிப்பு ஒவ்வொரு வருடமும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது என்றால்

மூன்று வருடமாக ஜனவரி 1 அன்று வேதாகமத்தை முழுதாக வாசிக்கத் தொடங்கி, பலிகளும் சட்டங்களும் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு விட்டுவிடுகிறேன், இந்தப் புது வருடத்தில் ஜெபமும் வெறுமையாக இருக்கிறது, என் விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. செத்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது.

மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்கும் மேல். நான்கு நாள் தவறினால் பாக்கி பதிமூன்று, அப்புறம் அது கடன் மாதிரி ஆகி வேதாகமத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடும். எனக்கும் அப்படித்தான், பக்க அடையாள நாடா பலிகளைப் பற்றிய அதே பக்கத்தில் மாதக்கணக்கில் கசங்கிக் கிடந்தது. அந்த அட்டவணையை விடுங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று போதும்.

ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால் வேதாகமத்தில் புலம்பல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தை மெதுவாக, சத்தமாக வாசியுங்கள். கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று அங்கே வருகிறது. பாபிலோனியர் எருசலேமை அழித்துப்போட்ட துக்கத்திலிருந்து எழுந்த வார்த்தை அது, கொண்டாட்டத்தில் சொன்னதல்ல. வருடம்தோறும் என்றும் சொல்லவில்லை, பாருங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், பாக்கியை எண்ணாதீர்கள். சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வெறுமையைச் சொல்லிவிடுங்கள், இந்த வாரமே.