மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் சைக்கிள் ஓடி நிதி சேர்க்கப் போகிறோம். ஆட்களிடம் எப்படிக் கேட்பது?

படுவான்கரைப் பிள்ளைகள், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், பாடசாலை போகச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதுதான் நோக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கதையுங்கள். ஐந்தாம் ஆண்டோடு முடிகிற பாடசாலை, அடுத்த ஊர்ப் பாடசாலைக்கு நடை, மழை தொடங்கினால் அதுவும் இல்லை. இதைக் கேட்டவருக்கு உங்கள் ஓட்டம் தானாக விளங்கும். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்களே, அதிலும் ஒரே இடம், ஒரே தேவை.

நாங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓடியபோது, "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டதற்கு வந்தது குறைவு. "ஒரு சைக்கிள் இன்ன விலை, உங்கள் குடும்பம் ஒன்றைப் பொறுப்பெடுக்குமா?" என்று கேட்டபோதுதான் காசு வந்தது. அவ்வளவு முடியாதவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு நல்லது. பொத்துவில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் ஆயிரம் சொச்சம், ஊர்க் கடைக்காரர் தருவார். லண்டன், கனடாச் சொந்தக்காரர்களிடம் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்று கேட்கலாம். ஓட்டத்துக்கு முன்பே வங்கியில் போடச் சொல்லுங்கள். முடிந்தபிறகு பின்னால் அலைவது பெரிய கரைச்சல்.

காலமும் முக்கியம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை, கையில் காசு புழங்கும். சிலர் நெல்லாகவே தருவார்கள். மறுக்காமல் வாங்கி, ஆலையில் விற்ற சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியபிறகு அந்த வெயிலில் ஓடுவது வதை.

காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகிற பாதை இது. முன்கூட்டியே போய்க் கோயில் நிர்வாகத்தையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் சந்தியுங்கள். சைக்கிள் பெறும் பிள்ளைகளிலும் இரண்டு பக்கத்தாரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊரில் போய் எந்த முகத்தோடு காசு கேட்பது? பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, இரண்டும் கட்டாயம். வீதியில் உண்டியல் குலுக்குவது எனக்குப் பிடிக்காது. யார் எவ்வளவு போட்டார் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. கூட வரும் வானுக்கு எண்ணெய், தண்ணீர், ரீசேட் எல்லாம் ஓடுபவர்களின் சொந்தக் காசிலேயே போகட்டும். "நீங்கள் தருவது முழுவதும் சைக்கிளுக்கே" என்று அப்போதுதான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சைக்கிளை வாங்கும் பிள்ளையை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். அடுத்த நாள் வகுப்பில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான். பாடசாலையின் பெயர், எத்தனை சைக்கிள், கடைப் பற்றுச்சீட்டின் படம், இவற்றை வட்ஸ்அப் குழுவில் போட்டால் காசு தந்தவர்களுக்குப் போதும்.