எம்.எஸ்ஸி. நானோ எடுக்கலாமா? அம்பாசமுத்திரத்து அப்பாவுக்குப் பதில்

அண்ணாச்சி, உங்கள் மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் முடிக்கப் போகிறாள். கார்பன் நானோகுழாய், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழாய், வளர்த்து, அதையே அச்சாக வைத்து வேறு பொருள் செய்யும் ஆய்வில் இறங்க ஆசை. 'நானோ' என்று பெயர் போட்ட முதுகலையில் சேர்க்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். எம்.எஸ்ஸி. இயற்பியலோ வேதியியலோ படிக்கட்டும். நானோவை ப்ராஜெக்டில் பிடித்துக்கொள்ளலாம். பட்டத்தின் பெயர் மாறினால், பின்னால் ஆசிரியர் வேலைக்கு, இயற்பியல் பட்டத்துக்குச் சமமான 'இணைப் படிப்பு' என்று சான்று வாங்க அலைய நேரலாம்.

அந்தச் சோலி எப்படியிருக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். சிலிக்கான் தகட்டில் 30 நானோமீட்டர் அலுமினா (அலுமினிய ஆக்சைடு), அதன்மேல் 2 முதல் 4 நானோமீட்டர் இரும்பு படிய வைப்பார்கள். குவார்ட்ஸ் குழாய் உலையில் வைத்து, ஆர்கானை ஓட்டிக் காற்றை விரட்டியபின் ஹைட்ரஜனில் சூடாக்கினால் இரும்புப் படலம் நுண்துணுக்குகளாக உடையும். சுமார் 750 டிகிரி செல்சியஸில், கார்பனைத் தரும் எத்திலீன் வாயுவை விட்டதும் துணுக்குகளிலிருந்து குழாய்கள் கிளம்பி, நாற்றங்கால் போல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். சில நிமிடத்தில் 100 மைக்ரோமீட்டர் உயரம். ஆனால் அதில் 99 விழுக்காடு வெறும் இடைவெளி, தொட்டால் நசுங்கிவிடும். சிலிக்கானையோ சிலிக்கான் நைட்ரைடையோ வாயு வழியாக இடுக்குகளில் நிரப்பினால்தான் கெட்டியான பொருளாகும். இரும்பை எந்த வடிவத்தில் படிய வைத்தோமோ, அதே வடிவத்தில் உயரமான மெல்லிய சுவர்கள் கிடைக்கும்.

கெட்டுப்போவதும் இங்கேதான். அலுமினா இல்லாவிட்டால் இரும்பு சிலிக்கானோடு வினைபுரிந்துவிடும், குழாய் முளைக்காது. இரும்பு தடித்தால் துணுக்கு பெரிதாகும். குழாய்கள் தடித்து, நெருக்கம் குறைந்து சாயும். அவசரமாக நிரப்பினால் மேல்வாய் அடைபட்டு உள்ளே பொள்ளல் விழும். அணு அடுக்குப் படிவு முறையில், அதாவது அணு அணுவாக அடுக்கி, ஆக்சைடு பூசினால், பழுதில்லாத குழாய்ச் சுவரில் பிடிப்பு இல்லாததால் மணிமணியாகத்தான் ஒட்டும். ஓசோனில் காட்டி எடுத்துப் பூச வேண்டும். திரவம் பட்டுக் காய்ந்தால் குழாய்கள் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொள்ளும். ஆறுமுன் உலையைத் திறந்தால் காற்றில் எரிந்தே போகும்.

வாயுக்கசிவு தேடுவதிலேயே பாதி நாள் போகும். அதில் சலிக்காத பிள்ளைக்குத்தான் இது. சும்மா சொல்லவில்லை, வேலை வாங்கித் தருவதும் அந்தப் பழக்கம்தான்: வெற்றிடக் கருவி, மென்படலம், உலை. கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல் ஆலை இருக்கிறதே, சோலார் செல் தொழிலிலும் சிலிக்கான் நைட்ரைடு பூச்சு அன்றாட வேலை. நானோகுழாயை மட்டும் நம்பினால் வேலைவாய்ப்பு குறுகல். லித்தியம் பேட்டரி மின்முனையில் சேர்ப்பதுபோலச் சில இடங்கள்தான்.

ஹைட்ரஜன் தீப்பிடிக்குமோ என்று நீங்கள் பயப்படுவது நியாயமே. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். சிலிக்கான் நிரப்பப் பயன்படும் சிலேன் தானாகவே பற்றும். எனவே சேருமுன் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். வாயு உணர்கருவியும் அலாரமும் உண்டா? உலையை மாணவர்களே இயக்குகிறார்களா, அல்லது உதவியாளர் செய்ய இவர்கள் நின்று பார்க்கிறார்களா? எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத்தேர்வு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் கோடைகால ப்ராஜெக்ட் கிடைக்குமா என்றும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அதற்குமேல் நீங்கள் செலவழிக்க வேண்டியிருக்காது. ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். வெப்ப இயக்கவியலையும் திடநிலை இயற்பியலையும் இப்போதே புரட்டத் தொடங்கட்டும்.