செம்மண் சாலையிலிருந்து சஹாராவுக்கு: வாசகர் கேள்வி பதில்

சஹாரா பாலைவனத்தில் பல நாள் ஓடும் மாரத்தான் தெ சாப்ல் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். பாட்ரிக் பாவர் என்ற பிரெஞ்சுக்காரர் 1984இல் அந்தப் பாலைவனத்தில் 12 நாள் தன்னந்தனியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நடந்தார். அதிலிருந்து பிறந்த ஓட்டம் 1986இல் மொரோக்கோவில் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். தண்ணீரும் கூடாரமும் அங்கே கிடைக்கும். சாப்பாடு, படுக்கை, உடை, மருந்து எல்லாம் உங்கள் முதுகில். இதைப் படித்துவிட்டுச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. வயது 29. வாரத்தில் மூன்று நாள் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஓட ஆசை. வேலையை விடாமல் முடியுமா?

முடியும் தம்பி. வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். ஆனால் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று அட்டவணை போடாதீர்கள். உங்கள் ஷிப்ட் சுற்றை வைத்துப் போடுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் நீண்ட ஓட்டம் வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் 40 நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். தூக்கமில்லாமல் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்வதுதான் ஷிப்ட் வேலைக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு.

முதல் நான்கு மாதம் வாரத்துக்கு 30லிருந்து 50 கிலோமீட்டர்வரை மெல்ல ஏற்றுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். அதன்பிறகு அடுத்தடுத்த இரண்டு ஓய்வு நாளில் இரண்டு நீண்ட ஓட்டம்: தொடக்கத்தில் 18, 12, போகப்போக 30, 22. ஒரே நாளில் 50 ஓடுவதைவிட இதுதான் பயன் தரும். களைத்த காலோடு மறுநாள் எழுந்து நடப்பதுதானே அங்கே வேலை! உச்ச வாரத்தில் 80 கிலோமீட்டர் வந்தால் போதும்.

சீனப் பெருநாள் விடுமுறையை இப்போதே குறித்து வையுங்கள். ஏப்ரல் ஓட்டத்துக்கு அது ஏறக்குறைய 7 முதல் 10 வாரத்துக்கு முன்னால் வரும். 25, 35, 20 என்று மூன்று நாள் தொடர்ந்து செய்ய அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. 35 கிலோமீட்டர் நாளை மாலை 5 மணிக்குத் தொடங்கி இருட்டில் முடியுங்கள். பாலைவனத்தில் ஒரு கட்டம் மட்டும் 80 கிலோமீட்டரைத் தாண்டும். பெரும்பாலோர் இரவில்தான் அதை முடிக்கிறார்கள். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்களுக்கோ அதுதான் முக்கியம். நெடுங்கால விதிப்படி தண்ணீர் சேர்க்காமல் பை குறைந்தது 6.5 கிலோ, அதிகம் 15 கிலோ. முதல் முறை போகிறவர்கள் 8 கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள், 1.5 லிட்டர் தண்ணீர் ஏறினால் அதுவே 9.5 கிலோ. ஐந்தாவது மாதம் இரண்டு கிலோ அரிசியைப் பையில் போட்டுத் தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அதுவும் வேக நடையில். முழுச் சுமையோடு ஓடினால் குதிகாலுக்கு மேலே உள்ள பின்தசைநார் முதலில் புண்படும். அரிசி மூட்டை பையின் அடியில் இறங்கிவிட்டால் இடுப்புதான் வலிக்கும். துணியைச் சுற்றி, முதுகை ஒட்டி மேலே வையுங்கள். தோள்பட்டை தேயும் இடம் எது என்று மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஓடுவதற்கு முன்பே டேப் ஒட்டுங்கள்.

நடையை இழிவாக நினைக்காதீர்கள். நடுவரிசையில் வருகிறவர்கள் பாதிக்கு மேல் நடக்கத்தான் செய்கிறார்கள். கட்டாந்தரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கப் பழகுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒட்டகங்கள் வரும்; அவை உங்களைத் தாண்டாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் நாம். தனியாக வெயில் பயிற்சி எதற்கு? (கல்லூரி மாணவர், தோட்டத்தில் வீடு)

காலை 5 மணிக்கு ஓடிவிட்டு, பகல் முழுக்க ஏர்கான் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் உங்கள் உடலுக்கு வெயில் தெரியாது. ஊரில் வெயில் அடிக்கிறது என்பதும் உடல் வெயிலுக்குப் பழகியிருக்கிறது என்பதும் வேறு வேறு.

உடல் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். தினமும் 60 முதல் 90 நிமிடம் வெயிலில் அசைந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதில் போகும் உப்பு குறையும். அதே வேகத்தில் இதயத்துடிப்பு தணியும். விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் குறையத் தொடங்கி, நாலு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாலை 4 மணி ஓட்டத்துக்கு மாறுங்கள். மெதுவாகத்தான். தலை சுற்றினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலுக்குப் போய்த் தண்ணீரை மேலே ஊற்ற வேண்டும். தனியாகப் போகவே கூடாது.

நம் வெயிலுக்கும் அந்த வெயிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, உடலைக் குளிர்விப்பதில்லை. அங்கே வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்திருக்கும், உப்பு மட்டும் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். 'எனக்கு வியர்க்கவே இல்லையே' என்று தண்ணீரை ஒதுக்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உங்கள் வியர்வை அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடுமுன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 63.4 கிலோ 62.3 ஆனது, இடையில் 0.4 லிட்டர் குடித்தீர்கள் என்றால் போனது 1.5 லிட்டர். அத்தனையையும் திருப்பிக் குடிக்கத் தேவையில்லை. தாகத்தை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போடலாம்; அதில் ஏறக்குறைய 580 மில்லிகிராம் சோடியம் இருக்கும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக்கூடாது.

அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆளைச் சாய்க்கும். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் விரல் வீங்கும், மோதிரம் இறுகும், வாந்தி வரும், புத்தி தடுமாறும். ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் அதுதான் அறிகுறி. அப்படிப்பட்டவருக்கு இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பகல் சுட்டெரித்தாலும் இரவில் நன்றாகக் குளிரும். நம் ஆள்கள் படுக்கை உறையில் எடையைக் குறைக்கப் பார்த்து, விடியவிடிய நடுங்குகிறார்கள். தூங்காத உடம்பு மறுநாள் ஓடாது. 300 கிராம் கூடினாலும் பரவாயில்லை, கதகதப்பானதை வாங்குங்கள்.

மணல் எங்கே இருக்கிறது நம்மிடம்? காலணி எப்படித் தயார் செய்வது?

வழி முழுவதும் மணல்மேடு கிடையாது. கல் பரந்த சமவெளி, காய்ந்த ஆற்றுப்படுகை, வறண்ட ஏரித்தரை, மொட்டை மலை எல்லாம் உண்டு. அதற்குத் தோட்டத்துச் செம்மண் சரளைச் சாலை நல்ல பயிற்சி. மாதம் ஒருமுறை லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போய், அலை நனைக்காத காய்ந்த மணலில் இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். சின்ன அடி வைத்து, முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள். பழைய ஈயச் சுரங்கத்து மணலைத் தேடிப் போகாதீர்கள். குட்டைக் கரை சரியும், வேலியும் இருக்காது.

காலணி, வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு எண் பெரியதாக இருக்கட்டும். நாள்பட நடந்தால் பாதம் வீங்கும். நீண்ட ஓட்டம் முடிந்த மாலையில், ஓடும் காலுறையோடு போய் அளந்து வாங்குங்கள். மணல் புகாமல் இருக்க முழங்கால்வரை ஏறும் மெல்லிய நைலான் உறை வேண்டும். அது காலணியைச் சுற்றி வெல்குரோவால் ஒட்டிக்கொள்ளும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வெல்குரோவைப் பசையால் மட்டும் ஒட்டினால் சுடுமணலில் பசை இளகி முன்பக்கம் வாய் பிளக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு மணி நேரத்தில் பிடி மணல் உள்ளே போகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் தைத்து, பிறகு பசையும் போடச் சொல்லுங்கள். தையல் இழுத்தால் விரல் பகுதி குறுகும். எனவே தைத்தபின் இரண்டு வாரமாவது அதே காலணியில் ஓடிப் பாருங்கள். புறப்படும் வாரத்தில் தைத்து எடுத்துக்கொண்டு போவது பெரிய தவறு.

கொப்புளம் வந்தால்: தோல் சூடாகி எரியும்போதே நின்று டேப் ஒட்டுங்கள். 'அடுத்த சோதனைச் சாவடியில் பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டால் அங்கே போகும்போது நீர் கோத்திருக்கும். கோத்துவிட்டால் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள், கிருமிநாசினி தடவி மூடுங்கள். ஊரில் பயிற்சி செய்யும்போது காலில் புண்ணோடு தோட்டத்து வாய்க்கால் நீரில் இறங்காதீர்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கிறது.

என் மகள் தாதியாக வேலை செய்கிறாள், சுத்த சைவம். ஏழு நாள் சாப்பாட்டை எப்படிச் சுமப்பாள்? எனக்குக் கவலையாக இருக்கிறது.

கவலை வேண்டாம் அம்மா. நம் சமையலறையிலேயே பாதி இருக்கிறது. விதி கேட்பது நாளுக்குக் குறைந்தது 2,000 கலோரி, அதாவது மொத்தம் 14,000. அது தகுதிக்கான அளவு. வயிற்றுக்கு 2,500க்கு மேல் வைப்பது நல்லது. கணக்கு ஒன்றுதான்: ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி? வறுத்த நிலக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 580, முறுக்கு 500, கொழுப்பு நீக்காத பால்மாவு 500, அவல் 350, பேரீச்சை 280. பேரீச்சை நல்லதுதான், ஆனால் கடலையில் பாதிதான் பலன். ஒரு நாளைக்கு மட்டும் போதும்.

காலையில் அவல் 100 கிராம், பால்மாவு 40, சீனி 20. வழியில் கடலை 100, முறுக்கு 80, உப்புச் சத்துள்ள பானத்தூள் 50. வந்ததும் மைலோ 30, பால்மாவு 30. இரவில் முட்டை சேராத உடனடி நூடல்ஸ் 80, சோயா 30, தேங்காய் எண்ணெய் 10. மொத்தம் 570 கிராம், ஏறக்குறைய 2,600 கலோரி. ஏழு நாளுக்கு 4 கிலோ. அவல் பச்சைத்தண்ணீரிலேயே ஊறிவிடும். அடுப்பும் எரிபொருளும் சுமக்கத் தேவையில்லை. நூடல்ஸையும் அகலவாய்ப் போத்தலில் போட்டு மாலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் சாப்பிடும் பதத்துக்கு வரும்.

முறுக்கைப் புதிய எண்ணெயில், புறப்படும் வாரத்தில் சுடுங்கள். பழைய எண்ணெய் என்றால் வெயிலில் மூன்றாம் நாளே காறல் அடிக்கும். உடைத்துத் தூளாக்கி, நாள் வாரியாகப் பொட்டலம் கட்டி, எடையை எழுதுங்கள். தேங்காய் இனிப்பு கெட்டுவிடும். மூன்றாம் நாளுக்குமேல் இனிப்பு எதுவும் இறங்காது. உப்பு நாரத்தங்காய் நாளுக்கு ஒரு துண்டு வைத்து அனுப்புங்கள். மாதவிலக்குத் தேதி அந்த வாரத்தில் இல்லாவிட்டாலும் அதற்கானவையும் பையில் இருக்கட்டும். கடும் உழைப்பில் நாள் தள்ளும், முந்தும். இந்த உணவையே நீண்ட ஓட்ட நாள்களில் அவள் சாப்பிட்டுப் பழக வேண்டும்.

மணற்புயல் வந்தால்?

நின்றுவிடுங்கள். 1994இல் இத்தாலிய வீரர் மாவ்ரோ பிராஸ்பெரி புயலில் வழிதவறி, ஒன்பது நாளுக்குமேல் அலைந்து, அல்ஜீரியாவுக்குள் போய்த்தான் பிழைத்தார். வழிக்குறி தெரியவில்லை என்றால் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்காருங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள், காற்று அடங்கும்வரை நகராதீர்கள். திசைகாட்டியைப் பிடித்து நடக்கத் தோட்டத்திலேயே பழகலாம். வரிசை வரிசையாக நிற்கும் செம்பனைக்குள் திசை பிசகுவது எவ்வளவு எளிது என்பது தெரிந்துவிடும்.

கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்துவிடும். பாரசிட்டமால் போடலாம், நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. சிறுநீர் கோப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். பதிவுக்கு மருத்துவச் சான்றிதழும் இதய மின்வரைபடமும் கேட்பார்கள். அதை ஆறு மாதத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோளாறு இருந்தால் பணம் கட்டுமுன் தெரியும்.

தோட்டச் சாலையில் இருட்டில் ஓடலாமா? நாய்த் தொல்லை அதிகம்.

நிர்வாகியிடம் அனுமதி வாங்குங்கள். மண்டோரிடமும் (மேற்பார்வையாளர்) எந்த நாள், எந்தப் பாதை என்று சொல்லி வையுங்கள். குலை ஏற்றும் லோரி ஓடும் நேரத்தைத் தவிருங்கள். தலைவிளக்கும் மினுங்கும் மேல்சட்டையும் கட்டாயம். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து விலகுங்கள், ஓடினால் துரத்தும். வெட்டிப்போட்ட மட்டையின் மேல் கால் வைக்காதீர்கள். முள் காலணியின் அடியைத் துளைக்கும், பாம்பும் அதனடியில்தான் படுக்கும்.