கிரிஸ்டலைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 1970களில் தயாரான ஃப்ரீக்வென்சி கவுண்டர் (அலைவெண்ணை அளக்கும் கருவி) ஒன்று உள்ளது. உள்ளே சீரான துடிப்பைத் தரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும், அதைத் தொடர்ந்து வரிசையாக ஏழு 7490 ஐசிகளும் இருக்கின்றன. கேட் நேரத்தை (துடிப்புகளை எண்ணும் கால அளவை) 1 அல்லது 10 மில்லிவினாடியில் வைத்தால் அளவு சரியாக வருகிறது; 100 மில்லிவினாடியிலும் 1 வினாடியிலும் வைத்தால் கேட் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. புதிய கிரிஸ்டல் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கிரிஸ்டல் நன்றாக ஓடுகிறது என்பதற்கு உங்கள் கடிதமே சான்று. ஒவ்வொரு 7490-உம் தனக்கு வரும் துடிப்பைப் பத்தால் வகுத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. ஆகவே 10 மெகாஹெர்ட்ஸ் நான்காம் படியில் 1 கிலோஹெர்ட்ஸாகி 1 மில்லிவினாடியையும், ஐந்தாம் படியில் 100 ஹெர்ட்ஸாகி 10 மில்லிவினாடியையும் தருகிறது. 100 மில்லிவினாடியையும் 1 வினாடியையும் தர வேண்டியவை ஆறாம், ஏழாம் படிகள். முந்தைய இரண்டும் சரியாக வேலை செய்யும்போது, ஆறாவது ஐசியையோ அதற்கு வரும் இணைப்பையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த ஐசியையும் உடனே கழற்றிவிடாமல், கால்களிலேயே மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 7490-க்கு மின்சாரம் வரும் கால்கள் வழக்கமான 14, 7 அல்ல. 5-ஆம் காலில் 5 வோல்ட், 10-ஆம் காலில் கிரவுண்ட். அங்கே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருந்தால், அடுத்து 2, 3, 6, 7 ஆகிய ரீசெட் கால்களுக்கு வாருங்கள். பழைய போர்டுகளில் நான் மிகவும் கவனிக்கச் சொல்லும் இடம் இதுதான். கிரவுண்டில் இருக்க வேண்டிய கால், சால்டர் விரிசலால் துண்டிக்கப்பட்டால், 7490 போன்ற டிடிஎல் வகை ஐசி அதை ‘உயர்’ நிலை என்றே எடுத்துக்கொள்ளும். 2-உம் 3-உம் சேர்ந்து அப்படிப் போனால் ஐசி பூஜ்யத்திலும், 6-உம் 7-உம் போனால் ஒன்பதிலும் நின்றுவிடும். மீட்டர் ஏறக்குறைய 1.5 வோல்ட் காட்டினால், அந்தக் கால் எதனுடனும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈயத்தை மறுபடி உருக்கி வைத்தாலே சரியாகிவிடக்கூடும். ரீசெட் கால்களும் சரி, ஐசிக்குள் வரும் 100 ஹெர்ட்ஸ் துடிப்பும் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி 2 வோல்ட்டுக்கு மேலே ஏறுகிறது, ஆனாலும் வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் ஐசியை மாற்றுங்கள். மாற்றும்போது நல்ல சாக்கெட் ஒன்றை வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: என் கவுண்டரில் ஆசிலாஸ்கோப் ப்ரோபைக் கிரிஸ்டல் காலில் தொட்டால் மட்டுமே கிளாக் (கிரிஸ்டல் தரும் துடிப்பு) ஓடத் தொடங்குகிறது. ஏன்?

பதில்: ப்ரோபும் ஒரு சிறு கெப்பாசிட்டர்தான். பத்து மடங்கு நிலையில் ஏறத்தாழ 10 முதல் 15 பிக்கோஃபாரட் வரையிலும், ஒரு மடங்கு நிலையில் 100 பிக்கோஃபாரட் அளவிலும் அது சுற்றில் சேருகிறது. தொட்டதும் ஓடுகிறது என்றால், சுற்றில் குறைந்துபோன கெப்பாசிட்டன்ஸை அது ஈடுகட்டுகிறது என்று கொண்டு, ட்ரிம்மரையும் (திருகி மதிப்பை மாற்றும் சிறு கெப்பாசிட்டர்) கிரிஸ்டலைச் சுற்றியுள்ள சிறு கெப்பாசிட்டர்களையும் அவற்றின் சால்டர் இணைப்புகளையும் பாருங்கள். நன்றாக ஓடும் ஆசிலேட்டரையே இதே ப்ரோப் நிறுத்திவிடவும் கூடும் என்பதால், சோதனையைக் கிரிஸ்டல் காலில் செய்யாமல், அடுத்துள்ள பஃபரின் (துடிப்பை வாங்கி அடுத்த சுற்றுக்குக் கடத்தும் பகுதியின்) வெளியீட்டில் செய்யுங்கள்.

பழுது நீங்கிய பின், கருவியை மூடியுடன் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, ஜிபிஎஸ் வழி நிலைப்படுத்திய 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கொடுத்து ட்ரிம்மரைத் திருப்புங்கள். 1 வினாடி கேட்டில் கடைசி இலக்கம் ஒன்று தள்ளினால், பிழை கோடியில் ஒரு பங்கு.