போர்க்கால நாவலில் ஒரு சிறுமியை வளர்ப்பது யார்? லீசலை முன்வைத்து ஒரு பதில்

போரைப் பின்னணியாகக் கொண்ட நாவலில், சின்ன வயது நாயகியின் வளர்ச்சிக்கு உறவுகள் எப்படிக் காரணமாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருவது மார்க்கஸ் சூசாக் 2005-ல் எழுதிய 'தி புக் தீஃப்' நாவலின் லீசல்தான். கதையைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

1939 ஜனவரி, ஹிட்லரின் ஜெர்மனி. ரயிலில் வரும் வழியிலேயே தம்பி இறந்துபோகிறான், அம்மாவும் பிரிந்துவிடுகிறாள். மியூனிக் பக்கத்தில் ஹான்ஸ், ரோசா தம்பதியின் வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாக வருகிறாள் லீசல். புத்தகங்கள்தான் அவளை வளர்த்தன என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் புத்தகத்தை எடுக்கும்போது அவளுக்குப் படிக்கவே தெரியாது. தம்பியைப் புதைத்த இடத்தில் கிடைத்தது என்பதால்தான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

தினமும் ராத்திரி கெட்ட கனவில் அலறி எழுகிறாள். ஹான்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஒருநாள் படுக்கை நனைந்துவிட, விரிப்பை மாற்றும்போது அந்தப் புத்தகம் கீழே விழுகிறது. அங்கே தொடங்குகிறது பாடம். பெயின்டரான அவர் உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிக் காட்டுகிறார். பிறகு பாடம் வீட்டு நிலவறைக்கு மாறுகிறது. அவருக்கே வாசிப்பு அவ்வளவாக வராது!

அப்புறம் மேக்ஸ் வருகிறான். அதே நிலவறையில் ஒளிந்து வாழும் யூத இளைஞன். அவனுக்கும் கெட்ட கனவுகள். வெளியே வானம் எப்படி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்வது லீசலின் வேலையாகிறது. அவன் நினைவிழந்து கிடக்கும் நாட்களில் கட்டிலருகே உட்கார்ந்து வாசிக்கிறாள். இறகு, பொத்தான், பொம்மைச் சிப்பாய் என்று தெருவில் கிடைப்பதையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறாள். ஹான்ஸ் அவளுக்குச் செய்ததை அவள் இப்போது இன்னொருவருக்குச் செய்கிறாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்று நான் உணர்ந்தது இங்கேதான். பின்னால் குண்டுவீச்சின்போது, பதுங்கியிருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு அவள் வாசித்துக் காட்டுவதும் இதன் தொடர்ச்சியே.

ரோசாவைப் பலர் வெறும் வாயாடி என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்துக்கே வந்து, லீசலை வகுப்புக்கு வெளியே இழுத்து, சீப்பைக் காணோம் என்று கத்தித் தீர்க்கிறாள். அடுத்த நொடி குரலைத் தாழ்த்தி, மேக்ஸ் கண் விழித்துவிட்டான் என்கிறாள். திட்டு எல்லாம் மற்றவர்கள் காதுக்கு. ஒரு வீட்டின் ரகசியத்தைக் காப்பது எப்படி என்று லீசல் கற்றுக்கொள்வது இந்த மாதிரி ஆட்களிடம்தான்.

லீசலின் பக்கத்து வீட்டு நண்பன் ரூடியைப் பற்றித் தனிப் பதிலே எழுதலாம். மேயரின் மனைவி இல்சாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்தவள். அவள் வீட்டில் ரோசா பார்த்துவந்த சலவை வேலை போன ஆத்திரத்தில் லீசல் அவளை முகத்துக்கு நேராகக் குத்திப் பேசிவிடுகிறாள், பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறாள். அந்த இல்சாதான் பின்னால் ஒரு வெற்று நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்கிறாள். தெருவே குண்டுக்கு இரையாகும் இரவில் லீசல் உயிர் பிழைப்பது, ஹான்ஸ் பாடம் சொன்ன அதே நிலவறையில் அந்த நோட்டோடு இருந்ததால்தான்.