நாசி கண்டார் விலை ஒரு சார்பா?

வணக்கம் ஐயா,

என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். கூடுதல் கணிதத்தில் முதல் பாடமே சார்பு. ‘உள்ளே ஒன்று போட்டால் வெளியே ஒன்று வரும் இயந்திரம்’ என்று டியூஷனில் சொல்லியிருக்கிறார்கள். “அப்போ நம்ம நாசி கண்டார் கடைகூட சார்புதானேப்பா? தட்டு உள்ளே, விலை வெளியே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சோறு, அதே கோழி, அதே வெண்டைக்காய். போன வாரம் 9.50 வெள்ளி, இந்த வாரம் 11. இது எப்படிச் சார்பாகும்? சூத்திரமும் கிடையாதே?

வாசகர், பட்டர்வொர்த்

*

அன்புள்ள நண்பருக்கு,

சூத்திரம் இல்லாதது ஒரு குறையே இல்லை. 1748-இல் வெளிவந்த நூலில் கணித மேதை ஆய்லர் சார்பை ஏறக்குறைய சூத்திரமாகத்தான் பார்த்தார். 1837-இல் இன்னொரு கணித மேதை டிரிக்லே அந்தக் கட்டைத் தளர்த்திவிட்டார். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு விடை இருந்தால் போதும். எல்லா விடைகளும் ஒரே விதிப்படி வர வேண்டியதில்லை. நம் மலேசிய அடையாள அட்டையான மைகார்டையே பாருங்கள். ஓர் ஆளுக்கு 12 இலக்கத்தில் ஓர் எண். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இவ்வளவு தெரிந்தாலும் முழு எண்ணையும் கணக்குப் போட்டு யாரும் சொல்ல முடியாது, பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அந்தப் பதிவேடும் சார்புதான்.

நாசி கண்டாருக்கு வருவோம். உங்கள் சிரிப்பில் நியாயம் இருக்கிறது: ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு விடை வந்தால் அது சார்பு இல்லை. ஆனால் உள்ளீடு உண்மையிலேயே ஒன்றுதானா? கோழித்துண்டு தொடையா, நெஞ்சா? ‘பஞ்சிர்’ என்று சொல்லிக் குழம்பில் முக்கி எடுத்தீர்களா? கல்லாவில் இருந்தவர் முதலாளியா, புதிதாக வந்த பையனா? தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே விலை போடும் கடையில் அந்தக் கண் யாருடையது என்பதும் ஓர் உள்ளீடு. அதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு விலையும் தனித்தனியாகப் பொருந்திவிடலாம்.

அப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் எதையும் சார்பாக்கிவிடலாம் என்று உங்கள் மகள் மடக்குவாள். மடக்கட்டும். தேதியையும் நேரத்தையும் மேசை எண்ணையும் சேர்த்தால் எந்தத் தட்டும் இன்னொன்றைப் போல இருக்காது. அப்புறம் முரண்பாடு எங்கிருந்து வரும்? ஆனால் நாளைய விலையைச் சொல்ல அது உதவாது. குறைவான உள்ளீட்டை வைத்து விடையைச் சொல்ல முடிந்தால்தான் சார்பினால் நமக்குப் பயன். இயந்திர உவமை எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். எதை உள்ளே போடுவது என்பது ஏற்கனவே முடிவாகிவிட்ட மாதிரி அது காட்டுகிறது. பாதி வேலையே அதை முடிவு செய்வதில்தான் இருக்கிறது.

இதைவிட ஒழுங்கான சார்பு அதே கல்லாவிலேயே கிடைக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்க பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குக் கொண்டுபோகிறார்கள். 9.98, 9.99, 10.00, 10.01, 10.02 ஆகிய ஐந்துக்கும் ஒரே விடை, 10 வெள்ளி. பல உள்ளீட்டுக்கு ஒரு விடை வரலாம், அதில் தவறில்லை. திரும்பி வரத்தான் வழியில்லை: கொடுத்தது 10 வெள்ளி என்று மட்டும் தெரிந்தால் பில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிப் போகும் நேர்மாறுச் சார்பு, மகளின் பாடத்தில் பின்னால் வருவது, இதற்குக் கிடையாது. 10.02-க்கு அட்டையில் கட்டினால் 10.02-தான் போகும், ஆகவே கட்டும் விதமும் இங்கே ஓர் உள்ளீடு.

ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்கு உள்ளீடாகக் கொடுக்கும் கூட்டுச் சார்புக்கும் வெளியே போக வேண்டாம். 6 விழுக்காடு சேவை வரி வாங்கும் உணவகத்தில் 9.47-க்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வரியைச் சேர்த்தால் 10.04, அதை 5 காசுக்குக் கொண்டுபோனால் 10.05. வரிசையை மாற்றி, முதலில் 9.45 ஆக்கிவிட்டு வரி போடச் சொல்லுங்கள், 10.02 வரும். அந்த 2 காசை ரொக்கமாகக் கொடுக்க இப்போது யாரிடம் ஒரு காசு நாணயம் இருக்கிறது?